வேகத்தில் கை வைப்பவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அவர்களுக்குக் கை அரிக்கும். மின்விசிறி மூன்றில் சுற்றினால் ஐந்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்தில் சுற்றினால், இதற்கு ஆறு ஏன் வைக்கவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பார்கள். இந்த ரகத்திலேயே உச்சாணிக் கொம்பில் இருப்பவர் ஒருவர். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் தானே நிர்ணயிப்பவர். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார், உங்கள் மேஜைக்கு அடியிலிருந்து.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், இவர் போர்ட்டைப் பார்த்துப் பேசுவார். கேபிள் செருகுகிற அந்தச் சின்ன ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகளவு விளக்கு ஒன்று மினுக்கும் அல்லவா? பச்சை என்றால் வேகம் ஆயிரம் மெகாபிட், ஆரஞ்சு என்றால் நூறு. நீங்கள் மரியாதைக்கு "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பீர்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "உங்களுது நூறுலதான் ஓடுது, தெரியுமா?" என்பார், ஏதோ உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வது போல. அதுவரை உங்களுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. அன்று முழுக்க எதைத் திறந்தாலும் மெதுவாகத் திறப்பதாகவே தோன்றும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேகத்தை யாரும் நிர்ணயிக்கவே வேண்டாம். கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் போர்ட்டுகள், செருகிய மாத்திரத்தில், "உன்னால எவ்வளவு முடியும்? என்னால இவ்வளவு முடியும்" என்று தமக்குள் பேசி, இருவருக்கும் தோதான ஒரு வேகத்தில் ஒத்துப்போய்விடும். அதற்கு ஆட்டோ என்று பெயர். இவ்வளவு சுமுகமாகச் சம்பந்திகள்கூடப் பேசி முடிப்பதில்லை. ஆனால் நம்மவருக்கு இது பொறுக்குமா? "அதுங்களே பேசி முடிவு பண்ணிக்கிட்டா, நாம எதுக்கு இருக்கோம்?" என்பார். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் அவருக்குப் பிடிக்காது.

அவருக்கு மவுஸ் ஆகாது. மவுஸால் க்ளிக் செய்து வேகத்தை மாற்றுவது, அவரைப் பொறுத்தவரை, வேலையில் சேர்த்தி இல்லை. விரல்களைச் சொடுக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறகு அது இல்லாமல் எழுத்து தெரியாது என்பதால் மறுபடி இறக்கி, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி எண்டரை ஓங்கி அடிப்பார். திரை பதிலே சொல்லாது. "ஏதும் ஆகலையே?" என்று நீங்கள் கேட்டால் போச்சு. "எதுவும் சொல்லலைன்னா வெற்றின்னு அர்த்தம்" என்பார். ஆபீசிலும் சொல்வார், வீட்டிலும் சொல்வார், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டபோது தான் வாய் திறக்காமல் இருந்ததற்கும் இதையேதான் சொல்வார்.

அதேபோல், எந்தக் கோளாறுக்கும் ஆஃப் செய்து ஆன் செய்வது அவருக்குப் பரம்பரை விரோதம். பாமரர்கள் செய்வது அது. கடையில் முனை போட்டு விற்கும் கேபிளை வாங்குவதும் அப்படித்தான். சுருள் சுருளாக ஒயர் வாங்கி, முனையைத் தன் கையாலேயே இடுக்கியில் வைத்து நசுக்கிப் பொருத்தி, பேரக்குழந்தையைத் தூக்கிக் காட்டுவது போலத் தூக்கிக் காட்டுவார்.

நமக்குத் தெரிந்த ஆயிரம் சாரும் அப்படிப்பட்டவர்தான். எதைத் தொட்டாலும் "ஆயிரம் வரணும்" என்று சொல்லிச் சொல்லி, ஆபீசில் அதுவே பெயராகிவிட்டது. தன்னைப் புகழ்கிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நாமும் கலைக்க வேண்டாம்.

அவர் மனைவி, மகள் பிறந்தபோது வேலையை விட்டவர். மகள் இப்போது அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், அவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வருகிறவர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற பிரிவுக்குத் தலைமை வேலை காலியாக இருந்தது. விண்ணப்பித்தார். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பத்தரை மணிக்கு நேர்காணல். கண்ணாடி முன் நின்று பதில்களைச் சொல்லிப் பழகினார், கட்டிலில் மகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னார். கேமராவில் தெரியும் என்று பின்னாலிருந்த அலமாரியைக்கூடத் துடைத்து ஒழுங்காக அடுக்கிவைத்தார். அந்த வேலை அவருக்கு வேண்டும். வெட்கமே இல்லாமல், மனதார, ரொம்பவும் வேண்டும்.

அன்று காலை கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க."

"நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்?"

"சத்தியமா?"

"என்னம்மா நீ, என்னை நம்ப மாட்டியா? சத்தியமா கை வைக்க மாட்டேன்."

அவர் வாசலைத் தாண்டுகிற வரை மனைவி கண்ணெடுக்கவில்லை. அதில் தப்பேதும் சொல்ல முடியாது. ஆனால் ஷூ நாடா கட்ட மனிதர் குனிந்தாக வேண்டுமே? குனிந்தார். அந்த உயரத்திலிருந்து மேஜைக்கு அடியில் பார்வை போயிற்று. விளக்கு ஆரஞ்சாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நூறு! அவருடைய வீட்டில்! அவருடைய மனைவியின் நேர்காணலுக்கு!

ஆபீசுக்குப் போயும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடினால் ஆரஞ்சு. திறந்தால் அடுத்த மேஜைக்காரரின் கைக்குட்டை, அதுவும் ஆரஞ்சு. அவரிடமே புலம்பினார்.

"முகம் தெரியணும், குரல் கேக்கணும், அவ்வளவுதானே சார்? அதுக்கு நூறே தாராளமாச்சே" என்றார் அடுத்த மேஜைக்காரர்.

"தாராளம்தான். ஆனா என் பொண்டாட்டி நூறுல போய் உக்காரணுமா?"

"கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்ததா சொன்னீங்களே?"

ஆயிரம் சார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "பாருங்க. கை ரெண்டும் இங்கதானே இருக்கு?"

அடுத்த மேஜைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீசில் உட்கார்ந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைவது ஆயிரம் சாருக்குப் பக்கத்து அறைக்குப் போவது மாதிரி. நுழைந்தார். விரலைச் சொடுக்கினார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். வேகம் ஆயிரம், அதற்குக் குறைந்து எதற்கும் ஒப்புக்கொள்ளாதே என்று ஒரு வரி தட்டினார். எண்டர்.

திரை எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை அவர் ரசித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாற்காலியில் சாய்ந்தார், கால் மேல் கால் போட்டார், டீ வரவழைத்தார், தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பாதி டீ இறங்கிய பிறகுதான் அடுத்த மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "சார், சும்மா இன்னொரு வார்த்தை தட்டிப் பாருங்களேன்" என்றார். தட்டினார். எழுத்து விழவில்லை. ஓங்கித் தட்டினார். அப்போதும் விழவில்லை.

விஷயம் இதுதான். எந்தப் போர்ட் வழியாக அவர் வீட்டுக்குள் போனாரோ, அதே போர்ட்டைத்தான் அவர் மாற்றினார். அது இப்போது ஆயிரத்துக்குக் குறைந்து பேசமாட்டேன் என்கிறது, ஆயிரத்தில் பேச வழியும் இல்லை, எனவே யாருடனும் பேசவில்லை. கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கியவர் பாதி வழியில், "சே, இந்தக் கயிறு ரொம்ப மெல்லிசு" என்று அவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது ஆயிரம் சாரின் முகம்.

போன் அடித்தது.

"என்னங்க, நெட் போயிடுச்சு. இன்னும் பத்து நிமிஷம்கூட இல்ல. கை வச்சீங்களா?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்மா. என் கை எப்படி அங்க வரும்?"

மறுமுனையில் மௌனம். இந்த மௌனத்துக்கு வெற்றி என்று அர்த்தமில்லை. கல்யாணமான எவருக்கும் அது தெரியும்.

"சரி, சரி, பதறாதே. நான் சொல்றதை அப்படியே தட்டு. கறுப்புத் திரை வந்துடுச்சா? முதல்ல கட்டளையோட பேரைத் தட்டு, அப்புறம் இடம் விட்டு ஒரு கோடு."

"எந்தக் கோடு? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

"ரெண்டும் இல்ல, நடுவுல இருக்கறது."

"நடுவுல நிறைய எழுத்துதான் இருக்கு."

"ஐயோ, கீபோர்டுல நடுவுல இல்ல! தட்டினா நடுவுல விழும்!"

"தட்டினாத்தானே நடுவுல விழுதான்னு தெரியும்? எதைத் தட்டறது?"

அடுத்த மேஜைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

பிறகு மனைவியின் குரல் உடைந்தது. "எத்தனை நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகினேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? இது கிடைக்காம போனா நான் மறுபடியும் எங்க போய் ஆரம்பிப்பேன்?"

ஆயிரம் சார் மீதி டீயைத் தள்ளிவைத்தார். மனைவிமேல் உயிரையே வைத்திருப்பவர்தான் அவர், அந்த ஆயிரமும் அந்தப் பிரியத்தில் செய்ததுதான். அழுதுவிடுவாரோ என்றுகூட இருந்தது. ஆனாலும் பாருங்கள், அந்த நிலையிலும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?" என்று மனைவி கேட்டதும் மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வேண்டாம்! ஆஃப் மட்டும் பண்ணிடாதே! அப்புறம் தப்பு எங்கேன்னே தெரியாம போயிடும்!"

"தப்பு எங்கேன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல உக்காந்திருக்கு" என்றார் மனைவி. டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு போனும் நின்றது.

நல்லவேளை, அந்தக் கட்டளையின் ஆயுசு கம்ப்யூட்டரை அணைக்கும் வரைதான். அணைந்தது, மறுபடி எழுந்தது, பழையபடி ஆட்டோவுக்கே போயிற்று. இரண்டு போர்ட்டுகளும் ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டு நூறில் ஒத்துப்போயின. பத்தரைக்கு மனைவியின் முகம் ஆஸ்பத்திரிக்காரர்களின் திரையில் பளிச்சென்று தெரிந்தது. பதற்றத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆயிரம் சார் கையில் ஒரு பூங்கொத்தோடு, திருட்டுப் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிடுச்சுங்க! தப்புப் பண்ணின ஆள் பண்ணவே இல்லைன்னு சாதிச்சா எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டாங்க. என்னை அறியாமலே சிரிச்சுட்டேன். இன்னிக்குக் காலையிலதான் ஒண்ணு சமாளிச்சுட்டு வந்தேன்னு முழுசாச் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரமாச்சு."

ஆயிரம் சாரின் கண் கலங்கிவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவரை மனிதர்களிலேயே சேர்த்திருக்கலாம். நிறுத்துவாரா?

"பாத்தியா, வேகம் கூடினதாலதான் முகம் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கும்."

மனைவி மேஜைக்கு அடியைக் காட்டினார். ஆரஞ்சு.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். கேபிளை உருவி முனையை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். நூறுக்கு நாலு போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். அந்த முனையில் இரண்டு கம்பி பாதியிலேயே நின்றிருந்தது, அதை வாய்விட்டே சொல்லிவிட்டார். எந்த ஜென்மத்திலும் அந்தக் கேபிளில் ஆயிரம் வந்திருக்காது. அந்தப் போர்ட்டுகள் இத்தனை நாளும் நிலைமையைப் புரிந்துகொண்டு, மானத்தை வாங்காமல், நூறிலேயே குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

"அந்த முனையில கை வச்சது யாருங்க?" என்று மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மேஜைக்கு அடியிலிருந்து பதில் இல்லை.

மகள் குனிந்து பார்த்தாள். "ஏம்ப்பா, எதுவும் சொல்லலைன்னா வெற்றின்னு தானே அர்த்தம்?"

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நாம் இந்த ரகம் இல்லை என்ற நிம்மதியும் வந்திருக்கும். ஆனால் நேற்று லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, பொத்தானில் ஏற்கெனவே விளக்கு எரிந்துகொண்டிருக்க, இன்னும் நாலு தரம் அமுக்கினது யார்? அது இருக்கட்டும். உங்கள் மேஜைக்கு அடியிலும் ஒரு கடுகளவு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கலாம். அது என்ன நிறம் என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே நன்றாகத்தான் இருக்கிறீர்கள். தயவுசெய்து குனியாதீர்கள்.

குனிந்துவிட்டீர்களா? சரி. கையையாவது எடுங்கள்.