ஸாஸுக்கு இடம் விடவும்

எனக்கு இந்தி தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தியில் வடாபாவ் வாங்குவேன், ரயிலில் சண்டை போடுவேன். (சண்டையில் தோற்பேன், அது வேறு விஷயம்.)

மாட்டுங்காப் பெண்ணான கல்யாணியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு செம்பூரில் குடியேறினோம். மாமியார் இரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார் என்று தகவல் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கியாக வேண்டும். படுக்கையறையின் விரிசல் விட்ட டைல்ஸ் மேல் என் கையாலேயே மரத்தரை போட்டு அசத்துவதாக முடிவு செய்தேன்.

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பலகைகள் அவை. ஒன்றின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் சாய்வாக நுழைத்து அமுக்கினால் ‘டக்’. ஆணி, பசை எதுவும் வேண்டாம். எல்லாம் விளக்கிய கடைக்காரர் கடைசியில், “தீவார் கே பாஸ் ஸாஸ் கே லியே ஜகா சோட்னா” என்றார். அப்படித்தான் என் காதில் விழுந்தது. சுவரோரம் மாமியாருக்கு இடம் விட வேண்டுமாம்! மாமியார் வரும் சேதியை அவரிடம் உளறியிருந்தேன், கிண்டல் செய்கிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று கதவோரம் நாலைந்து வரிசை பாக்கி இருக்கும்போதே மாமியார் வந்துவிட்டார். “என்ன பண்றேள்னு பார்க்கறேன்” என்று படுக்கையறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சமையலறைக்குத் தூசி போகாமல் கதவைச் சாத்திவிட்டு, மீதி வரிசைகளையும் போட்டேன். கடைசிப் பலகையைச் சுவரோடு சுவராக, மயிரிழை இடைவெளி இல்லாமல் அடித்து இறக்கினேன். பெருமையோடு கதவை இழுத்தேன்.

அசையவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு; தரையோ அரை விரல் உயர்ந்திருந்தது.

“அந்தக் கடைசிப் பலகையிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுங்கோ.”

“ஸ்க்ரூடிரைவர் நுழைய எடமில்ல அத்த.”

“ஓரத்துல இடம் விடணும்னு கடைக்காரன் சொல்லலியா?”

வேறு வழியில்லாமல் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாமியார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஸாஸ் இல்லை மாப்பிள்ளே, ஸான்ஸ்! மூக்கால சொல்லணும். மூச்சு! மழைக்காலத்துல மரம் உப்பும், அது மூச்சு விட இடம்!”

வெளியே கல்யாணி கத்தினாள்: “என்ன சிரிப்பு? சாம்பார் ஆறறது!”

சிரித்து ஓய்ந்தபின் மாமியார் கதவின் கீலைக் காட்டினார். “அந்தக் கம்பியைக் கீழேர்ந்து தட்டி எடுங்கோ.” தட்டினேன். கதவு கழன்று கையோடு வந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அத்த?”

“ரெண்டு வருஷமா உங்களோட பேசவே இல்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு பார்த்தேன்.”

கதவைத் தூக்கிப் பிடித்தபடி அசடு வழிய நின்றேன்.

அப்புறம் அந்தத் தரையைப் பிரித்து, சுவரோரம் இடம் விட்டு, ஒழுங்காகப் போட்டேன். கதவின் அடியைச் சீவ மட்டும் இன்றுவரை நேரம் வரவில்லை. படுக்கையறை வாசலில் திரைதான் தொங்குகிறது. மாமியார் இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “என்ன மாப்பிள்ளே, ஸாஸுக்கு ஜகா இருக்கா?”

உள்ளிருந்து மொத்தக் குடும்பமும் பதில் சொல்லும்: “ஜகா இருக்கு, கதவுதான் இல்லை!”