கல்யாண போட்டோவும் தேங்காயெண்ணெயும்

ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு எல்லா வேலையும் பாதி தெரியும். மீதிப் பாதி தெரியாது என்பது மட்டும் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டியோடு ஆந்திரா வரை போய்ச் சேற்றில் குளித்திருக்கிறேன். லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடித்திருக்கிறேன். பரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன் (குளிருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது). கடைசியில் மிளகு மூட்டை தூக்கக் கொல்லிமலைக்கு வந்தவனுக்கு, சோளக்காடு என்கிற ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. அப்புறம் அதே மலையில் குண்டனி நாடு என்கிற ஊரில் பெண்ணும் கிடைத்தது. பெயர் சாந்தி.

பெண்ணைக் கொடுத்தார்களே தவிர, என் மாமியாருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். (உண்மைதான். யார் சொன்னது என்றுதான் இன்னும் தெரியவில்லை.) கல்யாணம் முடிந்த மறுநாளே கேட்டார்.

“மாப்ளை, போட்டோ எப்பங்க வரும்?”

“வந்துருங்க அத்தை. என்ன அவசரம்?”

“பெருசா ஒண்ணு செவுத்துல மாட்டோணுங்க. நாளைக்கு நீங்க பாட்டுக்கு எங்கியாச்சும் கெளம்பிட்டா, போலீசு டேசன்ல காட்ட ஒரு மூஞ்சி வேணுமில்லீங்க?”

சிரிக்காமல் சொன்னார். சாந்திதான் சிரித்தாள்.

ஸ்டுடியோ முதலாளி பழனியண்ணன் அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். என் கல்யாணத்தை அவரே எடுத்தார். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கேமராவைக் காலி செய்துவிட்டார். பிரிண்ட் போட நாமக்கல்லில் இருக்கும் லேபுக்குப் போக வேண்டும். சி.டி. போடும் வசதியெல்லாம் எங்களிடம் இல்லை. ஹார்டு டிஸ்கையே கழற்றித் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோவதுதான் எங்கள் வழக்கம்.

“மடியிலயே வெச்சுக்கடா, கைக்கொழந்தையாட்டம்” என்று சொல்லித்தான் அனுப்பினார் அண்ணன்.

மடியில்தான் வைத்திருந்தேன். ஆனால் அது பலாப்பழக் காலம். பஸ்ஸில் ஆளைவிடப் பழம் அதிகம். பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது மற்றவர்களுக்கு வாந்தி வரும், எனக்குத் தூக்கம் வரும். ஒரு வளைவில் பை மடியிலிருந்து இரும்புத் தளத்தில் விழுந்தது. அடுத்த வளைவில் ஒரு பலாப்பழம் உருண்டு வந்து அதன் மேல் உட்கார்ந்தது. அதற்கடுத்த வளைவில் அதன் அண்ணன் வந்தது.

லேபில் மாட்டியதும் டிஸ்க் சுற்றவில்லை. கொசு மாதிரி முனகியது. லேப்காரர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உள்ளார கண்ணாடியாட்டம் ஒரு தட்டு இருக்குதுங்க. அது மேல ஊசியாட்டம் ஒரு கை நவுந்து நவுந்து படிக்கும். கீழ உழுந்ததுல அந்தக் கை தட்டுல ஒட்டிக்கிச்சுங்க.”

“பிரிச்சு உட முடியாதுங்களா?”

“சென்னையில பண்ணுவாங்க, தூசியே இல்லாத ரூம்ல வெச்சு. ஆகுற செலவுக்கு நீங்க இன்னொரு கல்யாணமே பண்ணிக்கலாம். நீங்களா மட்டும் தெறந்துறாதீங்க சாமி.”

அவர் சொன்னதில் ‘ஒட்டிக்கிச்சு’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். ஒட்டிக்கொண்டதைப் பிரிக்கத் தெரியாதவன் கொல்லிமலையில் உண்டா? பலாப்பழம் அறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். எப்பேர்ப்பட்ட பிசின் பாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பலாப்பழத்தால் கெட்டது பலாப்பழ வைத்தியத்துக்கு மசியாதா என்ன!

மறுநாள் பகலில், மாமனார் வீட்டு வாசலில், நல்ல வெயிலில் உட்கார்ந்தேன். ‘மாப்ளை பெட்டிக்குள்ளிருந்து கல்யாணத்தை வெளியே எடுக்கப் போகிறார்’ என்று செய்தி பரவி, களத்தில் வேலையாக இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். டிஸ்கின் திருகாணிகள் நட்சத்திர வடிவம். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து அதற்குப் பொருந்த வைத்தேன். (பட்டறைப் படிப்பு.) மூடி திறந்தது. உள்ளே தட்டு பளபளவென்று மின்னியது.

பக்கத்து வீட்டு அக்கா அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். மாமியார் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

“என்ற மூஞ்சிதான் தெரியுது. கல்யாணம் எங்கீங்க?”

“உள்ளுக்குள்ள இருக்குதுங்க அத்தை. பொடிப்பொடியா.”

“ஏனுங்க, தெறக்க வேண்டாம்னு லேப்புக்காரரு சொன்னாருன்னீங்களே?” என்றாள் சாந்தி.

“அவரு பலாப்பழம் அறுத்திருக்க மாட்டாரு.”

விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, அந்த மெல்லிய கையின் நுனியில் ஒரு சொட்டு விட்டேன். போதாதென்று இன்னொரு சொட்டு. அசைத்தேன். கை பிரிந்தது! தட்டை விரலால் சுற்றினேன். சுற்றியது! கூட்டம் ‘அப்படிப் போடு’ என்றது. மாமனார் உற்சாகத்தில் தன் தோள் துண்டை எடுத்து, தட்டில் வழிந்த எண்ணெயை அழுத்தித் துடைத்துவிட்டார். மாமியார் தன் கையால் எனக்கு முதல் தடவையாகக் காபி கொண்டுவந்து கொடுத்தார். வாழ்க்கையில் அன்றுபோல் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

அடுத்த நாள் ஸ்டுடியோவில் அதை மாட்டினோம். சுற்றத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே சுற்றியது. அப்புறம் தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு வாசம்.

“டேய், எங்கடா அப்பளம் பொரிக்கறாங்க?” என்று பழனியண்ணன் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மற்றவர்கள் கல்யாணமெல்லாம் ஏற்கெனவே பிரிண்ட் ஆகியிருந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன். போனது என்னுடையது மட்டும். மாமியாரிடம் போய் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

“அப்ப மறுபடியும் எடுங்க. அதே சேலை, அதே மாலை. போட்டோ இல்லாம நான் உட மாட்டேன்.”

பழனியண்ணன் முகூர்த்தக் காலம் முடியட்டும் என்றார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் சாந்திக்கு மசக்கை. வைகாசிக் கல்யாணத்தைக் கார்த்திகையில்தான் எடுக்க முடிந்தது. ரவிக்கை சேரவில்லை, முதுகுப் பக்கம் பிரித்து ஊக்கு குத்தினார்கள். கட்டின தாலியைக் கழற்றக் கூடாது என்பதால், கட்டுவதுபோல் அவள் பிடரிக்குப் பின்னால் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றேன். வயிற்றை மறைக்க இருப்பதிலேயே பெரிய மாலையாகப் போட்டார்கள். மாலை வயிற்றின் மேல் ஏறி அழகாக உட்கார்ந்துகொண்டது.

மாமியார் ஆசைப்பட்டபடியே அந்தப் படம் கூடத்துச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். பார்வை சாந்தியின் வயிற்றுக்குப் போகும், பிறகு என் முகத்துக்கு வரும். அவள் மானத்தைக் காப்பாற்ற உலகத்தில் ஒரே ஒரு கதைதான் உண்டு. அதை நான்தான் சொல்லியாக வேண்டும். தபால்காரரில் தொடங்கி, மின்சார வாரிய ஆட்கள் வரை சொல்லியிருக்கிறேன். (எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் ‘எங்கப்பா அம்மா கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்’ என்று சொல்லி வைக்க, வாத்தியாரம்மாவிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.)

சென்ற மாதம் அந்த மகளைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். காபி குடித்துக்கொண்டிருந்த பையனின் பெரியம்மா சுவரை நிமிர்ந்து பார்த்தார். டம்ளர் அப்படியே நின்றது. என் மாமியார் என் விலாவில் இடித்தார்.

“சொல்லுங்க மாப்ளை. வெரசாச் சொல்லுங்க.”

சொன்னேன். பஸ், பழம், வாசல், எண்ணெய் ஒன்றையும் விடவில்லை. பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். எண்ணெய் வந்த இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டான். “தட்டு மேலயேவாங்க மாமா?” என்றான் ஈனக் குரலில். துண்டால் துடைத்ததைச் சொன்னபோது கண்ணையே மூடிக்கொண்டான்.

பெரியம்மா சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாம். கல்யாண போட்டோ எடுக்குற கேமராவ மட்டும் சம்பந்தி தொடக் கூடாது.”

“அவரு கைய நான் புடிச்சுக்கறேனுங்க” என்றாள் சாந்தி.