வெடிக்காத துப்பாக்கியும் பதினான்கு மில்லிமீட்டர் வெள்ளிக்கோடும்

திருத்தங்கல்,
11.8.2025, திங்கட்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை டென்னிஸ் அவர்களுக்கு, மாமா நேசகுமார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும், என் வலது தோள் நீங்கலாக, கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் ரீனாவும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறேன். போனில் உங்களிடம் பேசினால் "சாப்பிட்டீர்களா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே கடிதமாக எழுதுகிறேன். வரிசை தவறிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. பெட்டி வந்து சேர்ந்த விவரம்.
2. துப்பாக்கி பழுதானது என்பதற்கான ஆதாரம்.
3. அதற்கு நான் செய்த பராமரிப்பு.
4. சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் நடந்தது. (தோள் இதில் வரும்.)
5. தங்களிடம் ஒரு கோரிக்கை.

எண் 1. போன மாதம் ரீனா வந்தபோது தாங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியைப் பத்திரமாகக் கொடுத்தாள். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தைத் துவக்கி வைக்கும் என் பழைய துப்பாக்கியின் ஸ்பிரிங் இருபத்து நான்கு ஆண்டு உழைத்து உடைந்ததும், சென்ற ஆண்டு நான் இரண்டு பலகைகளைத் தட்டிப் பந்தயம் விட்டதும், அதைப் பார்த்து என் பழைய கூட்டாளி அகஸ்டின் சிரித்ததும் ரீனா சொல்லித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இது உள்ளங்கைக்குள் அடங்குகிற அழகான சாமான். குண்டு கிடையாது, சத்தத்துக்கு மட்டும் வெற்றுத் தோட்டா. ஆனாலும் உண்மைத் துப்பாக்கி போலவே ஒவ்வொரு வெடிக்கும் மேல்பாகம் பின்னால் போய் முன்னால் வருகிறது. கறுப்பு நிறம், கண்ணாடிப் பளபளப்பு. மாமனாருக்கு இப்படி ஒன்று வாங்கித்தர எந்த மாப்பிள்ளைக்கு மனம் வரும்? இதை உங்கள் அத்தையிடம் மூன்று முறை சொன்னேன்.

எண் 2. பெட்டியைத் திறந்த அன்று, அந்த மேல்பாகத்தை இருபது முறை இழுத்து விட்டுப் பார்த்தேன். மறுநாள் கழற்றினால், உள்ளே குழல் உரசுகிற இடத்தில் கறுப்பு போய் மெல்லிய வெள்ளிக்கோடு தெரிந்தது. அளவுகோல் வைத்தேன். ஐந்து மில்லிமீட்டர். அது வளர்கிறதா என்று பார்க்க தினமும் மாலை இருபது முறை இழுத்துப் பார்த்து நோட்டில் குறித்து வந்தேன். வளர்ந்தது. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு. ஒருமுறைகூடச் சுடாத புதுப்பொருள் இப்படித் தேய்ந்தால் அது பழுது இல்லாமல் வேறென்ன? தவறு தங்களுடையது அல்ல. கடைக்காரர் தங்கள் நல்ல குணத்தைப் பார்த்து ஏமாற்றியிருக்கிறார்.

எண் 3. முப்பத்து நான்கு ஆண்டு வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். கோடை விடுமுறைகளில் நாரணாபுரத்திலும் வெம்பக்கோட்டையிலும் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போய்த் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்திருக்கிறேன். இரும்பும் இரும்பும் உரசக் கூடாது, உரசுகிற இடத்தில் வெடிமருந்து இருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. அப்படிப்பட்டவன் வீட்டு மேசையில் இரும்போடு இரும்பு உரசி, பக்கத்திலேயே மருந்து நிரப்பிய தோட்டாவும் இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா? ஆகவே தையல் மெஷின் எண்ணெயை, உரசும் இடங்களுக்கும் உரசக்கூடும் என்று தோன்றிய இடங்களுக்கும் விட்டேன். சந்தேகம் தீராமல் பிறகு உரசாத இடங்களுக்கும் விட்டேன். கடைசியில், தோட்டாவும் உள்ளே போகும்போது உரசத்தானே செய்யும் என்ற யோசனை வந்து, ஒரு பெட்டித் தோட்டா முழுவதையும் ஒவ்வொன்றாகத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, வெள்ளிக்கிழமை இரவு முழுக்க ஊறும்படி வைத்தேன். "ஊறுகாயா போடுறீக?" என்று உங்கள் அத்தை கேட்டாள். நர்ஸாக இருந்தவளுக்கு இந்த விஷயம் புரியாது என்று அடுத்த தோட்டாவை எடுத்துத் துடைத்தேன்.

எண் 4. சனிக்கிழமை. தீபாவளி சீசன் நேரமாக இருந்தும் பெற்றோர்கள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அநேகமாக எல்லோரும் பட்டாசு வேலைக்காரர்கள். முதலில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் நூறு மீட்டர். ஆறு பேர் குனிந்து நின்றார்கள். மூன்றாவது கோட்டில், பட்டாசு வேலைக்குப் போகும் கருப்பம்மாளின் மகள் இசைவாணி. ஜெயிப்பவள் விருதுநகரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை, வீட்டில் நான் சொன்னால் மின்விசிறியைக்கூட யாரும் போடுவதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள், கையைத் தூக்கினால் மைதானமே மூச்சை அடக்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் வெடிச் சத்தத்துக்குப் பயந்த நான் இருபத்தைந்து ஆண்டாக இந்த வேலையைச் செய்கிறேன். "தயார்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினேன். "டிக்" என்றது.

அவ்வளவுதான். இதே வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. "வெடிக்கல! வெடிக்கல! எல்லாம் பின்னாடி வாங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஆறு பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லைக் கோட்டை நோக்கி அல்ல, அதற்கு நேர் எதிர்த்திசையில். அதிலும் இசைவாணிதான் முதல். முந்நூறு பேர் ஒரு நிமிடத்தில் மைதானத்தின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் கையைத் தூக்கியபடி நான் மட்டும்.

"சார், கைய எறக்காதீக!" என்றார் கம்பெனி போர்மேன் சுந்தரபாண்டி.

"எம்புட்டு நேரம்யா?" என்றேன்.

"அரை மணி நேரம். நீங்கதான சார் வகுப்புல சொன்னீக? வெடிக்காதத நம்பாத, அரை மணி நேரம் கிட்ட போகாதன்னு!"

"அது பட்டாசுக்குச் சொன்னதுய்யா!"

"மருந்துன்னா எல்லாம் மருந்துதான சார்!"

இந்த வாக்கியமும் என்னுடையதுதான். சரியாக இருபத்தேழு நிமிடம் நின்றேன். உங்கள் அத்தை தூரத்திலிருந்து, "மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டாள். மீதி மூன்று நிமிடத்தைப் பொறுக்க மாட்டாமல் கருப்பம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு நடந்து வந்தாள். "சார், கண்ண மூடிக்கோங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று என் கையை முழங்கை வரை வாளிக்குள் அமுக்கினாள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கு இத்தனை ஆண்டில் இவ்வளவு கைத்தட்டல் கிடைத்ததில்லை.

பிறகு அகஸ்டின் வந்தான். நாற்பது ஆண்டு பஸ் கண்டக்டராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த விசில் இன்னும் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. "ஏலே நேசா, விசில் ஊதி பஸ்ஸையே கெளப்புனவன் நான். ஆறு புள்ளைகளக் கெளப்ப மாட்டனாலே?" என்றான், தலைமையாசிரியை முருகேஸ்வரி அம்மா காதில் விழும்படி. அந்த அம்மா என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: "சார், வெள்ளிக்கிழமை சுதந்திர தினத்தன்னைக்கு மறுபடி ஓட விடுறோம். அன்னைக்கும் வெடிக்கலன்னா, இனிமே அகஸ்டின் சாரே பாத்துக்கிடட்டும்."

எண் 5. ஆகவே தாங்கள் தயவு செய்து, சிரமம் இல்லையென்றால், நேரம் இருந்தால், கடைக்காரரிடம் பேசி இந்தப் பழுதான துப்பாக்கியை மாற்றித் தர வேண்டும். மாற்ற முடியாது என்று அவர் சொன்னால், அவர் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்ளவும்.

தங்களுக்கும் ரீனாவுக்கும் எல்லா நன்மையும் பெருகும்படி எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தோள் அனுமதித்த அளவுக்கு உயர்த்திய கையோடு,

தங்கள் மாமா,
ப. நேசகுமார்.

பின்குறிப்பு (15.8.2025, வெள்ளி மாலை): கடிதத்தை அன்றே தபாலில் சேர்க்கவில்லை. உங்கள் அத்தை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடலாம் என்றாள். படித்துவிட்டு, "துப்பாக்கில ஊத்துனது பத்தாதுன்னு மாப்பிள்ளைக்கும் புகழ்ந்து புகழ்ந்து எண்ணெய ஊத்திருக்கீகளே. அந்தப் பெட்டில ஒரு காயிதம் இருந்துச்சே, அதப் படிச்சீகளா?" என்று கேட்டாள். படிக்கவில்லை. தொலைந்துவிடக் கூடாதென்று அன்றைக்கே 'பத்திரமாக வைக்க வேண்டியவை' என்ற கோப்பில் வைத்துவிட்டேன். எடுத்துப் படித்தோம். புதுத் துப்பாக்கியில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் வரை உரசும் இடங்களில் கறுப்பு தேய்ந்து பளபளவென்று கோடு விழுவது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று போட்டிருக்கிறது. எண்ணெய் மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது, உள்ளே இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும். இந்தக் கடைசி வரி தடித்த எழுத்தில் இருக்கிறது.

உங்கள் அத்தை, புண்ணுக்குக் கட்டும் தன் பழைய காஸ் துணியால் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தாள். நான் விட்ட எண்ணெயில் வாளித் தண்ணீர் உள்ளேயே போகவில்லை, ஒரு பொட்டுத் துரு இல்லை. இன்று காலை, பிரிக்காத இரண்டாவது பெட்டித் தோட்டாவோடு போனேன். எனக்குப் பக்கத்தில் கருப்பம்மாள் வாளியோடு நின்றாள். வெடித்தது. பிள்ளைகள் முன்பக்கமாகவே ஓடினார்கள். இசைவாணி முதல். விருதுநகருக்குப் போகிறாள். சத்தத்தில் பதறிப்போன அகஸ்டின் தன்னையறியாமல் விசிலை ஊதிவிட்டான். பள்ளி வாசலில் நின்றிருந்த பஸ், டீ குடித்துக்கொண்டிருந்த தன் கண்டக்டரை விட்டுவிட்டு சிவகாசிக்குப் புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்த ஆண்டும் நானே என்று முருகேஸ்வரி அம்மா ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

எனவே கடைக்காரரிடம் எதுவும் பேச வேண்டாம். எண் இரண்டு தவறு. கோடு பதினான்கு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. நான் தினமும் இழுத்துப் பார்ப்பதை நிறுத்திய அன்றைக்கே அதுவும் நின்றுவிட்டது.