மோடத்துக்குப் பதில் சொன்ன அப்பு

ஹட்டன்,
புதன்கிழமை

அன்புள்ள மருமகன் கிஷாந்த் அவர்களுக்கு, மாமா இராமையா எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, ஆபீஸ் கம்ப்யூட்டர் மூவரும் நலம். அங்கே நீங்களும் மகள் பிரேமினியும் நலமாயிருக்க மாரியம்மன் துணை.

வெள்ளிக்கிழமை போன் பேச்சின் நடுவே லைன் அறுந்தது என் கோபத்தால் அல்ல. "இப்ப வயரை மோடத்துல சொருகுங்க மாமா" என்றீர்கள். தோட்டத்துக்கு இருப்பது ஒரே லைன். போனிலிருந்து பிடுங்கி மோடத்தில் சொருகினேன், உங்கள் குரல் போய்விட்டது. மருமகனைப் பகைத்துக்கொண்டோமோ என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று தோட்ட மானேஜர் துரையிடம் அளந்துவிட்டது நான்தான். அவரும் நம்பி, மாதத் தேயிலைக் கொழுந்துக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். "திங்கக்கெழமைக்குள்ள போகலேன்னா கம்ப்யூட்டர் பொட்டியையும் ஒங்களையும் சேத்துப் பூண்டுலோயாத் தோட்டத்துக்கு ஏத்திடுவேன் கிளாக்கர்." உங்கள் அத்தையோ, "பீன்ஸ் இப்பத்தான் பூ விட்டிருக்கு. நீங்களும் பொட்டியும் போயிட்டு வாங்க" என்றுவிட்டாள்.

மோடம் டொக் டொக்கென்று எண்ணைச் சுழற்றும், கீச்சென்று கத்தும், உடனே அறுந்துவிடும். மழைதான் காரணமென்று வயருக்குக் குடை பிடித்தேன், எலியென்று மேசைக்கடியில் தவழ்ந்தேன், ஆபீஸ் கூட்டும் பேச்சியம்மா "கண்ணு பட்டிருக்கும்யா" என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார், நான் இருமிய இருமலில் மூக்குக்கண்ணாடி விழுந்தது, மோடம் மட்டும் மசியவில்லை, சரி துரை காலில் விழுந்துவிடலாமென்று திங்கள் காலை பங்களாவுக்கு ஏறினால், அங்கே சமையல் அப்பு அழகன்தான் இருந்தார்.

"என்னமோ தெரியலீங்க கிளாக்கரையா, போனு முழுசா அடிக்காம கிணுங் கிணுங்னு மொனகுது. எடுத்தா யாரோ ஒரு பொம்பள கீச்சுனு அழுவுறா. தொரை வெளிய போயிருக்காருன்னு சிங்களத்துலயும் சொல்லிப் பாத்தேன். அழுகைய நிறுத்துறதா இல்லீங்க."

பங்களா போனும் அதே லைன்தான். மோடம் சுழற்றும்போதெல்லாம் அங்கே மணி சிணுங்கியிருக்கிறது. மணி கேட்டால் ஓடிவந்து எடுக்க வேண்டும் என்பது துரை உத்தரவு, அழகன் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் எடுத்த ஒவ்வொரு முறையும் இங்கே மோடம் அறுந்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் பங்களாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் வந்து சொல்ற வரைக்கும் போனு என்னா கத்தினாலும் தொடாதீங்க அப்பு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஒரே சுழற்றலில் கணக்குப் போய்ச் சேர்ந்தது. துரை கையைக் குலுக்கி, "இனிமே பொட்டி ஒங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு லீவில் கண்டிக்குப் போனார். மனசெல்லாம் மத்தாப்பு, மாப்பிள்ளை. நான் எங்கும் போகவில்லை. மோடத்தைப் பார்க்க நீங்களும் லீவு போட்டு வர வேண்டாம். அத்தை பீன்ஸுக்குக் கொடிக்குச்சி நட்டுவிட்டாள்.

இருவரும் ஒரு குறையுமின்றி இருங்கள், உங்கள் வீட்டு லைன் என்றும் அறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா இராமையா

பி.கு: கணக்கு நன்றாக வந்ததென்று பாராட்டத் தலைமை அலுவலகம் திங்களிலிருந்து போன் அடித்திருக்கிறது. ஆபீஸ் வயரை மோடத்திலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. இனி போனை எடுக்கலாமென்று அழகனிடம் போய்ச் சொல்லவும் மறந்துவிட்டேன். அவர் சத்தியம் தவறாமல், அடிக்கிற போனைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லையே, தோட்டத்தில் ஏதோ கலவரம் என்று தலைமை அலுவலகத்தார் பயந்து, துரையையும் கண்டியில் ஏற்றிக்கொண்டு இன்று மாலை ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்கள். நாளைக் காலை நானும் பெட்டியும் லொறியில் பூண்டுலோயா போகிறோம். அத்தை பீன்ஸோடு இருக்கிறாள். அங்கே ஆபீஸில் போனே கிடையாதாம், அது ஒன்றுதான் ஆறுதல்.