தொட்டுப் பார்க்க ஒரு மீன்கூடை

இராயபுரம்,
7-7-1953

சிரஞ்சீவி மைத்துனன் கிருஷ்ணப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் ஆறுமுகநயினார் அன்புடன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம். உன் அக்காளின் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே பேசுகிறது. அங்கே குழந்தைகள் சுகந்தானே?

நீ மியூசியத்தில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன்: சனிக்கிழமைக்குள் பூட்டுடன் ஒரு கண்ணாடிப் பெட்டி அனுப்பு. நம் வட்டாரத்தார் கண்டுபிடித்தவற்றைப் படிப்பகத்தில் காட்சிக்கு வைக்கும் பொறுப்பை, ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என் தலையில் கட்டினார்கள். படத்தைக் காட்டி நீச்சல் கற்றுத்தர முடியுமா? ஆகவே 'தொட்டுப் பார்க்கவும்' என்று பலகை எழுதினேன். முதல் பொருள், மீன் விற்கும் கன்னியம்மாவின் கூடை. தண்ணீர் சொட்டுகிறது என்று அவளைப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. கல்மண்டபத்திலிருந்து மூலக்கொத்தளம் வரை சுமந்தே நடக்கிறாள். அதற்காக மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கூடைக்கு அடியில் தட்டாகப் பொருத்தியிருக்கிறாள். பார்க்க வருபவர், தண்ணீர் வார்த்த கூடையைத் தலையில் வைத்து, தோளில் வெள்ளைத் துணி போட்டுப் பத்தடி நடக்கவேண்டும். சொட்டினால் துணி சொல்லிவிடும். சனிக்கிழமை பஸ் அதிகாரி ஒருவரே நடந்து பார்க்க வருகிறார். அவர் திருப்தியானால் மீன்காரப் பெண்களுக்குப் பஸ்ஸில் இடம் உண்டு.

ஆனால் தகரக்கடை சௌக்கத் அலி வந்தார், தொட்டார், தட்டைக் கழற்றியே விட்டார்!

"பாய், தொடத்தானே சொன்னேன்?"

"தொட்டா இன்னா வாத்தியாரே தெரியும்? மூலைல ஒழுகினு கீது பாரு!"

கடைக்குப் போன தட்டு சாயங்காலம் இரண்டு கைப்பிடியோடு திரும்பி வந்தது. மறுநாள் துறைமுகத் தொழிலாளி சின்னப்பையன், இனி ஒழுகாதென்று கூடையின் அடியில் டயர் டியூபைச் சுற்றித் தைத்துவிட்டார். கன்னியம்மா வந்து, "என் கூடை எங்க நைனா?" என்று அதன் எதிரிலேயே நின்று கேட்டாள். இனி பூட்டித்தான் வைக்கவேண்டும் என்றேன். நம் ஜனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்களே, "செத்த காலேஜுல வெக்கறதுக்கு என் கூடை இன்னா செத்தா பூட்ச்சு?" என்கிறாள். அவளுக்கென்ன தெரியும், பெட்டியை அனுப்பு.

உன் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாதிருக்க என் ஆசிகள்.

ஆறுமுகநயினார்

பி.கு.: இக்கடிதம் தபாலில் சேராமல் என் சட்டைப்பையிலேயே கிடந்தது, இன்று சனிக்கிழமை. பெட்டி வேண்டாம். அதிகாரி நடந்தார், ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் ஆறாவது அடியில் கழுத்து நடுங்க நின்றுவிட்டார்.

"இவ்வளவு பாரமா அம்மா?"

"இன்னும் மீனே வெக்கல நைனா."

கூடையை இறக்கிய கையோடு அவர் உத்தரவு எழுதக் காகிதம் கேட்டார். திங்கள் முதல் கூடை பஸ்ஸில் போகிறது. படிப்பகத்தில் என் காட்சி மேசை காலி. உன் மியூசியத்தில் பழுதாகிக் கிடக்கும் சாமான் ஏதேனும் இருந்தால், பூட்டைத் திறந்து அனுப்பிவை.