பிரிஞ்சாங் மெயின் ரோட்டில் ஓர் அலமாரி

கூட்டத்தில் பேசத் தெரியாதவர்களால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பேசத் தெரிந்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்களால்தான் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன. நான் இந்த இரண்டாவது ரகம். எங்கள் விஷயத்தில் முதலில் நடுத்தெருவுக்கு வந்தது ஓர் அலமாரி.

என் அக்காவும் அத்தானும் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர்கள். எப்படியோ துணிந்து தோட்டத்தை விட்டு வெளியேறி, பிரிஞ்சாங் மெயின் ரோட்டில் கட்டில், அலமாரி விற்கும் கடை வைத்தார்கள். கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே நான்கு அலமாரி நின்றால் ஐந்தாவதாக மனுஷர் நிற்க முடியாது. கணக்கு எழுதும் மேசைக்கு நான் பக்கவாட்டில் நடந்துதான் போவேன் (அப்போது அது முடிந்தது). எனக்குப் பத்தொன்பது வயசு. ஐந்தாம் பாரம் பாஸ் செய்த ஒரே ஆள் என்பதால் வீட்டில் எனக்கு ஏறக்குறைய துரைக்குரிய மரியாதை. நானும் அதைக் குறைவில்லாமல் அனுபவித்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாவட்ட மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கட்டில், அலமாரி, சோபா மாதிரி பெரிய சாமான் விற்கும் கடைகள் இனி டவுனுக்குள் இருக்கக் கூடாது. திரிங்காப் போகும் வழியில் ஒரு மேட்டை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே போய்விட வேண்டும். அவர்கள் சொன்ன காரணத்திலும் தப்பில்லை. இருப்பது ஒரே ரோடு. அதில் காய்கறி லோரி, ஹோட்டலுக்கு வரும் பஸ், எல்லாம் போக வேண்டும். ஒரு கட்டிலை இறக்க லோரி நின்றால் டவுனே நின்றுவிடுகிறது. அலமாரி என்ன, தினமும் வாங்குகிற தக்காளியா? வேண்டுகிறவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் வாங்கிக்கொள்ளட்டுமே.

அக்கா அன்று சாப்பிடவில்லை. "அங்க போனா செத்தோம்டி" என்றாள். ஆட்சேபம் இருப்பவர்கள் மன்றத்தில் வந்து பேசலாம் என்று போட்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் அப்போதே எழுந்து நின்றுவிட்டேன்.

மன்றத்தில் நான் நன்றாகத்தான் பேசினேன். அதிகாரி ஒரு மலாய்க்காரர். கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. "காரு வச்சிருக்கிறவங்க எங்க வேணும்னாலும் போவாங்க, துவான். எங்க கடைக்கு வர்றவங்க தோட்டத்து லோரி பின்னால நின்னுக்கிட்டு வர்றாங்க. லோரி மார்க்கெட்டுல எறக்கிவிடும், மார்க்கெட்டுல ஏத்திக்கிட்டுப் போயிரும். கடை அங்க இருந்தாத்தான் அவங்க வாங்க முடியும்" என்று, மூச்சுக்கு ஒரு தடவை துவான், ஐயா என்று மரியாதை போட்டு மலாயில் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஏதோ குறித்தும்கொண்டார். பக்கத்தில் இருந்த அத்தான் என் பாவாடை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார், உட்காரு என்று.

உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் அவர் தலையாட்டியது என் தலைக்கு ஏறிவிட்டது.

"அதோட எங்க சாமானால ரோடு அடைபடுறதே இல்ல, துவான். பத்து நிமிஷத்துல ஏத்திருவோம். வேணும்னா வந்து பாருங்க!"

அவர் சிரித்தார். "சரி, வந்து பார்க்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓர் அலமாரி போக வேண்டியிருந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அஞ்சலையம்மா, இரண்டாவது மகள் கல்யாணத்துக்குச் சீராக வாங்கியது. கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. அதற்குள் சீர் சாமானை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அதிகாரியாலோ பன்னிரண்டுக்கு மேல் அதிக நேரம் நிற்க முடியாது, தொழுகைக்குப் போக வேண்டும். "சரியா பன்னண்டுக்கு வாங்க, துவான்" என்றேன். ராகுவையும் தொழுகையையும் ஒரே மணிக்குள் அடக்கிவிட்ட என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அஞ்சலையம்மா காலையில் நல்ல நேரத்திலேயே வந்து, தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அலமாரியைக் கடைக்கு வெளியே எடுக்க வைத்துவிட்டார். பன்னிரண்டுக்கு லோரி வந்து நின்றது. அதிகாரியும் வந்து எதிர்ப்பக்கம் நின்றார். நான் கையைத் தட்டினேன். அத்தானும் டிரைவரும் அலமாரியைத் தூக்கி ரோட்டில் இறக்கினார்கள்.

"நில்லுங்கய்யா!" என்றார் அஞ்சலையம்மா. "ராகு இன்னும் போகல."

"பன்னண்டு ஆச்சும்மா" என்றேன்.

"அது கவர்மெண்டு பன்னண்டு. இந்த வருசம் கடியாரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சாங்கல்ல? ராகுவுக்கு யாரு போயி சொன்னா? பழைய பன்னண்டு இப்ப பன்னண்டரைலா."

நாடு முழுக்க ஒரே நேரம் ஆக்குகிறோம் என்று கவர்மெண்டு கடிகாரத்தை மாற்றியபோது, எங்கள் கடைக் கடிகாரத்தை ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பி வைத்தவளே நான்தான். ராகு காலத்தையும் கூடவே திருப்ப வேண்டும் என்று என் ஐந்தாம் பாரப் படிப்புக்குத் தோன்றவில்லை.

"அப்ப கடை ஓரமாவே திரும்ப வச்சிருவோம்மா."

"பொண்ணுக்குன்னு கெளம்புனத ஓர் அடியாச்சும் பின்னுக்குக் கொண்டு போவாங்களா?" அவர் அலமாரிக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் லோரிக்குப் பின்னால் கியா பார்மிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ். எதிரே இன்னொரு பஸ். எல்லோரும் ஹாரனை அழுத்தினார்கள். தூறல் வேறு ஆரம்பித்தது. அக்கா ஓடி வந்து குடையை விரித்து அலமாரிக்குப் பிடித்தாள். நான் நனைந்துகொண்டே அஞ்சலையம்மாவிடம் குனிந்து, "எங்க கடையே போயிரும்மா. இந்த ஒரு தடவை ஏத்த விடுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவளுக்கு நேரம் பாக்காமத்தான் ஏத்துனோம், தங்கச்சி. ஆறு மாசத்துல அலமாரியும் திரும்பி வந்துருச்சி, அவளும் திரும்பி வந்துட்டா. இவளுக்கும் அப்படி ஆயிட்டா நான் எங்க போவேன்?"

என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த முதல் சந்தர்ப்பம் அதுதான். அதுவும் பேச வேண்டிய நேரத்தில்.

அதிகாரி ரோட்டைக் கடந்து வந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். அப்படியே சொன்னேன். அவர் அஞ்சலையம்மாவையும் மஞ்சள் பூசிய அலமாரியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவரை அவசரப்படுத்தாதீர்கள்" என்றார். பிறகு இரண்டு பக்கமும் நீண்டிருந்த வண்டி வரிசையைப் பார்த்தார். அந்த வரிசையில்தான் அவருடைய காரும் நின்றது. தூறலில் தொழுகைக்கு நடந்தே போனார். அவர் கத்தியிருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். நல்ல மனுஷர். அதுதான் வயிற்றெரிச்சல்.

பன்னிரண்டரைக்கு அலமாரியை ஏற்றினோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கடை திரிங்காப் பக்கத்து மேட்டுக்குப் போனது. இடம் நல்ல விசாலம். பத்து லோரி வரிசையாக நிற்கலாம். ஒன்றுதான் வரவில்லை, தோட்டத்து லோரி. அத்தான் வேன் ஒன்றை இரவல் வாங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களை அழைத்து வந்து பார்த்தார். சில வருஷம் அப்படி ஓடியது. பிறகு கடையை மூடிவிட்டு, மலையிலிருந்து கீழே காய்கறி லோரி ஓட்டப் போனார். கடையில் கடைசியாக மிஞ்சிய அலமாரி என் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. ஏற்றும் நேரத்தில் அத்தான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "நேரத்த நீயே சொல்லு, தாயி. ஆப்பீசர யாராச்சும் கூப்பிட்டிருக்கியா?" என்றார். கல்யாண வீடே சிரித்தது. நான் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அழுதேன். பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் நெகிழ்ந்துபோனார்கள்.

மூடுபனியில் தாப்பா ரோட்டு வளைவு ஒன்றில் அத்தானின் லோரி கவிழ்ந்தது என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் கழித்து. அவர் பிழைக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஏதாவது விசேஷத்துக்கு நேரம் குறிக்க உட்கார்ந்தால், அந்தக் கடையைக் கண்ணால் பார்த்தே இராத அக்காவின் பேரப்பிள்ளைகள், "சின்னப்பாட்டிகிட்ட மட்டும் கேக்காதீங்கலா, ரோடு ஜாம் ஆயிரும்!" என்று கத்துகிறார்கள். வீடு அதிரச் சிரிப்பு வரும். அக்காவும் சிரிப்பாள். ஒரே ஒரு தடவை, எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "கடை அங்கயே இருந்திருந்தா அவரு லோரி ஓட்டப் போயிருக்க மாட்டாருல்ல?" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, சும்மா கேட்டாள். அன்றிலிருந்து யார் அந்தக் கதையை எடுத்தாலும், எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும் விடச் சத்தமாக, நான் சிரித்துவிடுகிறேன்.