மெதுவாக மூச்சு விட்டால் பாடும் ரேடியோ

ஊரெல்லாம் பாட்டு கேட்பதற்காக ரேடியோ வாங்கிய காலத்தில், மனுஷன் ஒழுங்காக மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதற்காக ரேடியோ வைத்திருந்த ஒரே ஆள் காரிமங்கலம் ரேடியோ பாய்தான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவருக்குத் தபால்கூட 'ரேடியோ பாய்' என்றுதான் வந்தது.

அவருடைய ரிப்பேர் கடைக்கு மேல் அறையில் நான் குடியிருந்தேன். வத்தல்மலைப் பள்ளியில் வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். எழுபதுகளின் தொடக்கத்தில் மலைக்கு ரோடு கிடையாது, நடைதான். எனக்கோ மாடிப்படி ஏறினாலே இழுப்பு வந்துவிடும்.

ஒருநாள் பாய் மேலே வந்தார்.

"சார், ஒரு வாரமா கேக்கறேன். உங்க மூச்சு ஸ்டேசன்ல நிக்க மாட்டேங்குது. கீழ வாங்க, பாத்துரலாம்."

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருங்க பாய்."

"அவரு கழட்டிப் பாத்தாருங்களா?"

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு சைக்கிள் ட்யூபை என் மார்பைச் சுற்றிக் கட்டி, அதன் நுனியை ஒரு ரேடியோவின் முள்ளோடு இணைத்தார். ட்யூபில் குண்டூசியால் ஒரு ஓட்டை. மெதுவாக மூச்சு இழுத்தால் காற்று ஓட்டை வழியே போய்விடும், பாட்டு ஓடும். அவசரப்பட்டால் காற்று முள்ளைத் தள்ளும், ஸ்டேஷன் நழுவிக் 'கொர்ர்' என்று இரையும்.

முதல் மூன்று நாளும் கொர்ர்தான். நான்காம் நாள் ஒரு விவசாய நிகழ்ச்சியை முழுசாகக் கேட்டேன். நிலக்கடலைக்கு என்னென்ன நோய் வரும் என்பது எனக்கு இன்றும் அத்துப்படி.

சிக்கல் என்னவென்றால், கடையில் கழற்றிப் போடாமல் இருந்த ஒரே ரேடியோ அதுதான். சந்தை நாளன்று தேர்தல் முடிவு கேட்கக் கூட்டம் கூடிவிட்டது.

"அந்த ட்யூபைக் கழட்டி உடுங்க பாய்!"

"வைத்தியம் நடக்குதுங்க. நடுவுல கழட்டக் கூடாது."

"வாத்தியாரே, பதறாதீங்க! நம்ம தொகுதி வருது!"

ஐம்பது பேர் என் நெஞ்சையே உற்றுப் பார்த்தால் மூச்சு எப்படி நிதானமாக வரும்? "வெற்றி பெற்றவர்..." என்றது ரேடியோ. அப்புறம் கொர்ர். இரண்டு கட்சிக்காரர்களும் வெடி வெடித்தார்கள். மறுநாள் பேப்பர் வரும்வரை எங்களுக்கு இரண்டு எம்.எல்.ஏ.

மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. "மலையில கரண்ட் இல்லீங்களே பாய், ரேடியோ எப்படி ஓடும்?" என்றேன். பாய் யோசித்தார். மறுநாள், நல்ல சந்தை நாளும் அதுவுமாக, கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

மலைப்பாதையில் எனக்குப் பின்னாலேயே நடந்தார். என் மூச்சு எகிறினால் வாயாலேயே "கொர்ர்" என்பார். நான் நின்று நிதானித்தால் பாடுவார். அந்தக் குரலுக்குக் கொர்ரே தேவலை. ஆனாலும் அவர் பாட வேண்டும் என்பதற்காகவே மெதுவாக மூச்சு விட்டேன்.

இழுப்பு வராமல் உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பாய் ஒரு பாறையில் உட்கார்ந்து புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் எனக்காகக் கத்தியும் பாடியும் அவர் மூச்சு தீர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "கொர்ர்" என்றேன்.

"உட்ருங்க சார்," என்றார். "நம்முளுது பழைய செட்டு."

பாய் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் படியேறும்போது மூச்சு முட்டினால் நின்று, மெதுவாக இழுத்து விடுகிறேன். சீரான பிறகும், பின்னால் அந்தப் பாட்டு கேட்காதா என்று ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிறேன்.